ஒரே உடம்பில் பல ஒட்டுண்ணிகள் இருந்தால் எதிர்ப்புச் சக்தி என்ன ஆகும்?

மேய்ச்சல்நிலம்:

புத்தகத்தில் படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு விலங்கு, ஒரு ஒட்டுண்ணி. முதல் தடவை தொற்று வரும்போது உடம்பு திணறுகிறது, அப்புறம் டி செல்கள், பி செல்கள் என்ற இரத்த வெள்ளணுக்கள் அதை நினைவில் வைத்துக்கொள்கின்றன, மறுபடி அதே ஒட்டுண்ணி வந்தால் சீக்கிரமே அடக்கிவிடுகின்றன. சரி. ஆனால் மேயப் போகிற ஏதாவது ஒரு ஆட்டையோ மாட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். இரைப்பையில் உருளைப்புழு, சிறுகுடலில் இன்னும் சில வகைப் புழுக்கள், கல்லீரலில் தட்டைப்புழு, குடல் சுவரில் காக்சிடியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, தோலில் உண்ணி, அந்த உண்ணி கொண்டுவந்துவிட்ட இரத்த ஒட்டுண்ணி என்று எல்லாமே ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் இருக்கிற விலங்கைத் தேடினால் ஆய்வகத்தில்தான் கிடைக்கும்.

என் கேள்வி இதுதான். ஒன்றுக்கு எதிராக உடம்பு கற்றுக்கொண்ட எதிர்ப்பு மற்றதற்கு உதவுமா, கெடுக்குமா, இரண்டும் இல்லையா? புழு நிறைய இருக்கும்போது தடுப்பூசி போட்டால் அது வீணா? பூச்சி மருந்து (குடற்புழு நீக்கும் மருந்து) கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? விஷயம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆய்வுமேசை:

நல்ல கேள்வி. முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மேலே போக முடியாது.

உதவி டி செல்கள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று மாஸ்மன், காஃப்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளில் 1986இல் காட்டினார்கள். ஒரு வகை, இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதத்தைச் சுரந்து, செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளைக் கொல்லும்படி மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களைத் தூண்டிவிடும். இதை டிஎச்1 என்கிறோம். இன்னொரு வகை இன்டர்லூக்கின் 4, 5, 13 என்ற செய்திப் புரதங்களைச் சுரந்து, சளியைக் கூட்டி, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைத்து, குடலை வேகமாக அசையவைத்துப் புழுவை வெளியே தள்ளும். இது டிஎச்2. முக்கியமான விஷயம் என்னவென்றால் இந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடக்கும். இன்டர்லூக்கின் 4 நிறைந்த சூழலில் புதிதாக முதிரும் டி செல் டிஎச்1 ஆவது கடினம், மறுபக்கமும் அப்படியே.

இப்போது ஒரு மாட்டின் குடலில் புழுவும் நுரையீரலில் காசநோய்க் கிருமியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புழுவுக்கு ஏற்றபடி உடம்பு டிஎச்2 பக்கம் சாய்ந்தால் காசநோய்க்கு வேண்டிய டிஎச்1 பலவீனமாகிறது. இதோடு நிற்பதில்லை. நீண்ட காலம் உயிர்வாழும் புழுக்கள் எதிர்ப்பையே மழுங்கடிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. எலியின் குடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்டீஸ் என்ற புழு எதிர்ப்பைத் தணிக்க உடம்பே சுரக்கும் டிஜிஎஃப் பீட்டாவைப் போலவே நடிக்கும் ஒரு புரதத்தைச் சுரந்து, எதிர்ப்பை அடக்கி ஒழுங்குபடுத்தும் டி செல்களை வளர்க்கிறது, இன்னொரு புரதத்தால் இன்டர்லூக்கின் 33ஐப் பிடித்து வைத்துக்கொண்டு எச்சரிக்கைச் செய்தி பரவாமல் தடுக்கிறது. புழு இதைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் அந்த அடக்கத்தின் பலனைப் பக்கத்தில் இருக்கும் வேறு ஒட்டுண்ணியும் அனுபவிக்கிறது. அதனால் "பெறப்பட்ட நோய்த்தடைகாப்பு", அதாவது தொற்று வந்து உடம்பு கற்றுக்கொண்ட எதிர்ப்பு என்பதை ஒவ்வொரு ஒட்டுண்ணிக்கும் தனித்தனிக் கணக்காக எழுத முடியாது என்பதுதான் என் கருத்து.

மாட்டுமருத்துவர்:

மேலே சொன்னது களத்தில் எப்படித் தெரிகிறது என்று நான் சொல்கிறேன்.

தடுப்பூசியில் இருந்து ஆரம்பிக்கலாம். பன்றிகளில் அஸ்காரிஸ் சூம் என்ற உருளைப்புழுத் தொற்று இருக்கும்போது, நுரையீரலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பூசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புழு இல்லாத பன்றிகளைவிட எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) குறைவாக உருவானது, பிறகு அந்தக் கிருமியைக் கொடுத்தபோது நுரையீரல் பாதிப்பும் அதிகம். கோழியில் அஸ்காரிடியா புழு, நியூகாசில் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசிக்குப் பிறகு வளர வேண்டிய எதிர்ப்பை மாற்றிவிடுகிறது. டிரிப்பனோசோம் என்ற ஒற்றைச் செல் இரத்த ஒட்டுண்ணி தொற்றிய மாடுகளில் தடுப்பூசிகளுக்கு எதிர்ப்பொருள் சரியாக எழும்பாது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். எலிகளில் செய்த ஒரு ஆய்வு இன்னும் கவலை தருவது. 2008இல் வந்தது. டிரிப்பனோசோமா புரூசி தொற்று பி செல்களையே அழித்து, ஏற்கெனவே தடுப்பூசியால் கிடைத்திருந்த நினைவையும் இல்லாமல் செய்துவிட்டது. அதாவது புதிதாகக் கற்பது கெடுவது மட்டுமல்ல, கற்றதும் போய்விடலாம்.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது நோய்ப் பரிசோதனைகள்தான். மாட்டுக் காசநோய்க்குத் தோலில் டியூபர்குலின் (காசநோய்க் கிருமியின் புரதம்) ஊசி போட்டு வீக்கத்தை அளக்கிறோம் அல்லவா? அந்த வீக்கம் டிஎச்1 எதிர்ப்பின் வெளிப்பாடு. கல்லீரல் தட்டைப்புழு உள்ள மாட்டில் அந்த எதிர்ப்பே தணிந்திருக்கும், அதனால் வீக்கம் சின்னதாக இருக்கும், மாடு நோயில்லாதது என்று தப்பிவிடும். இங்கிலாந்து, வேல்ஸ் பால் பண்ணைகளின் தரவுகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, தட்டைப்புழுவின் தாக்கத்தால் காசநோய் கண்டறிதல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையலாம் என்று மதிப்பிட்டது. நோயை ஒழிக்கும் திட்டம் முழுவதும் அந்தப் பரிசோதனையை நம்பி நிற்கும்போது இது சின்ன விஷயமே இல்லை. பரிசோதனை முடிவை வாங்கிப் பார்க்கிறவர்கள் அந்த மந்தையில் தட்டைப்புழு இருக்கிறதா என்று கேட்கவே மாட்டேன் என்கிறார்கள், அதுதான் வருத்தம்.

குறுக்குக்கேள்வி:

இரண்டு பேர் எழுதியதையும் மதிக்கிறேன், ஆனால் இழை ஒரே பக்கமாகச் சாய்கிறது. படிப்பவர்கள் "ஒரு ஒட்டுண்ணி வந்தால் மற்றதற்கு எதிர்ப்புக் குறையும், எப்போதும் கெடுதல்தான்" என்று புரிந்துகொண்டுவிடுவார்கள். அப்படி இல்லை.

கென்யாவின் மேற்குப் பகுதியில் 500க்கும் மேற்பட்ட கன்றுகளைப் பிறந்ததிலிருந்து முதல் ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அங்கே கன்றுகளைக் கொல்வதில் முதன்மையானது தைலேரியா பார்வா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, உண்ணி மூலம் பரவுவது. அதே பேரினத்தில் அவ்வளவு தீங்கு செய்யாத வேறு தைலேரியாக்களும் உண்டு. 2015இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? அந்தச் சாதுவான தைலேரியாக்களும் உடம்பில் இருந்த கன்றுகளில், தைலேரியா பார்வாவோடு தொடர்புடைய இறப்பு 89 சதவீதம் குறைவு. சேர்ந்து வந்த தொற்றுதான் கன்றைக் காப்பாற்றியிருக்கிறது. நெருங்கிய உறவு உள்ள இரண்டு ஒட்டுண்ணிகளில் ஒன்றுக்கு எதிராக எழும்பிய எதிர்ப்பு மற்றதையும் தொடும் என்பது இதற்கு இயல்பான விளக்கம்.

ஆனால் உறவு இருந்தாலே இப்படி நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கோழி காக்சிடியாவை எடுங்கள், எல்லாமே ஐமீரியா என்ற ஒரே பேரினம்தான், ஆனால் ஐமீரியா டெனெல்லாவுக்கு எதிர்ப்பு வந்த கோழி ஐமீரியா மாக்சிமாவால் நோய்ப்படும். அதனால்தான் காக்சிடியா தடுப்பூசியில் பல இனங்களைச் சேர்த்து வைக்கிறார்கள்.

இன்னொன்று, டிஎச்1, டிஎச்2 கதையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஆண்ட்ரியா கிரகாம் என்ற ஆய்வாளர் 2008இல் எலிகளில் நடந்த பல சோதனைகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். புழு இன்டர்ஃபெரான் காமாவை அடக்கிய இடங்களில் நுண்ணொட்டுண்ணி (மலேரியா, பாக்டீரியா போன்ற கண்ணுக்குத் தெரியாதது) பெருகியது, சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் புழு இரத்தச்சோகையை உண்டாக்கி, கூட இருந்த நுண்ணொட்டுண்ணி சிவப்பணுக்களை நம்பி வாழ்வதாக இருந்தால் அது குறைந்தது. எதிர்ப்புக்கே இதில் வேலை இல்லை, சாப்பாடு போய்விட்டது, அவ்வளவுதான். எதிர்ப்பு மாறியதா, உணவு போட்டியா, இடப் போட்டியா என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் சைட்டோகைன் (மேலே சொன்ன செய்திப் புரதங்கள்) தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆய்வுமேசை:

இதில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். ஒரே ஒரு திருத்தம். உணவுப் போட்டியும் எதிர்ப்பும் எப்போதும் இரண்டு தனி அறைகளில் இருப்பதில்லை. பிளாஸ்மோடியம் சபாவுடி என்ற எலி மலேரியாவில் இரண்டு வகைகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்று மற்றதை அமுக்கும். சிவப்பணுவுக்காகப் போட்டி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் சிடி4 டி செல்களை (உதவி டி செல்களை) நீக்கிவிட்டுப் பார்த்தபோது அந்த அமுக்கம் தளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் போட்டி, உள்ளே ஒரு வகை எழுப்பிய எதிர்ப்பு மற்ற வகையைத் தாக்குகிறது. ஆகவே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது சரி, பிரிக்கச் சோதனை வேண்டும்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. காட்டில் வாழும் மர எலிகளுக்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2013இல் வெளியானது. உருளைப்புழு குறைந்தது. உடனே ஐமீரியா ஹங்கேரியென்சிஸ் என்ற காக்சிடியா சுமார் 15 மடங்கு கூடியது. அது குடலில் அந்தப் புழு இருக்கிற அதே பகுதியில் வாழ்வது. மற்ற ஒட்டுண்ணிகளில் அப்படிப் பெரிய மாற்றம் இல்லை, அந்த விளைவும் சீக்கிரமே மறைந்து எலி பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஒன்றை எடுத்தால் எல்லாமே தலைகீழாகும் என்று பயப்படத் தேவையில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மாறுவார்.

மேய்ச்சல்நிலம்:

நிறையத் தெளிந்தது, நன்றி. ஆனால் இப்போது வேறு குழப்பம். புழு இருந்தால் தடுப்பூசி கெடும் என்கிறார் டாக்டர். அப்படியானால் புழுவை நீக்கிவிட்டால் காசநோய் போன்றவையும் குறைய வேண்டும். மர எலியில் புழுவை நீக்கினால் காக்சிடியா கூடுகிறது என்கிறீர்கள். பெரிய விலங்குகளில் யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? எலியை வைத்து மாட்டுக்கு முடிவு சொல்வது எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மாட்டுமருத்துவர்:

செய்திருக்கிறார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை அது. வனெசா எசென்வா, அன்னா ஜோல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் காட்டெருமைகளை வைத்துச் செய்தது. அந்த எருமைகளில் இரண்டுமே இயல்பாக இருக்கின்றன, குடற்புழுவும் மாட்டுக் காசநோயும். முதலில் 2010இல் அவர்கள் காட்டியது, பூச்சி மருந்து கொடுத்த எருமைகளில் இன்டர்ஃபெரான் காமா எதிர்ப்பு கூடுகிறது என்பது. அதாவது புழு டிஎச்1ஐ அடக்கி வைத்திருந்தது என்பதற்கு ஆய்வகத்துக்கு வெளியே, இயற்கையில் வாழும் விலங்கில் கிடைத்த சான்று.

அப்புறம் ஒரு தொகுதிக்கு நீண்ட நாள் வேலை செய்யும் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்து, மற்றவற்றைச் சும்மா விட்டு, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது மருந்து கொடுத்த எருமைகளுக்குக் காசநோய் தொற்றுவது குறையும் என்று. குறையவில்லை. தொற்றும் வேகம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் தொற்றிய பிறகு சாவது மருந்து கொடுத்தவற்றில் 9 மடங்கு குறைவு.

இதை அந்த ஒரு எருமையின் பக்கம் நின்று பார்த்தால் மிக நல்ல செய்தி. மந்தையின் பக்கம் நின்று பாருங்கள். நோயோடு நீண்ட காலம் வாழும் எருமை அத்தனை காலமும் மற்றவற்றுக்குப் பரப்பிக்கொண்டே இருக்கும். அவர்கள் கணக்கிட்டபடி ஒரு நோயுற்ற எருமை பரப்பக்கூடிய தொற்று எண்ணிக்கை சுமார் 8 மடங்கு உயர்கிறது. எதிர்ப்புச் சக்தி கூடியது, விலங்கு பிழைத்தது, அதனாலேயே நோய் அதிகம் பரவ வழி வந்தது. இதைப் படித்த பிறகு "எதிர்ப்பு கூடினால் நல்லது" என்று பொத்தாம்பொதுவாக என்னால் சொல்ல முடிவதில்லை. எதிர்ப்பு கூடியது தொற்றைத் தடுக்கும் பக்கமா, தொற்றைத் தாங்கும் பக்கமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பச்சைத்தீவனம்:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். தீவனம். எதிர்ப்பொருள் என்பது புரதம், குடல் சளி புரதம், புதிய செல்கள் எல்லாம் புரதத்தால் ஆனவை, பல ஒட்டுண்ணிகள் சேர்ந்து பசியைக் குறைத்து, இரத்தத்தை உறிஞ்சி, குடல் சுவரைச் சேதப்படுத்தி புரதத்தைக் கசிய விட்டுக்கொண்டிருந்தால் உடம்பு எதிர்ப்புக்குச் செலவு செய்ய எங்கே போகும்? குட்டி ஈனும் சமயத்தில் தாய் ஆடுகளில் புழு முட்டை எண்ணிக்கை திடீரென்று உயர்வது எல்லோருக்கும் தெரியும், முன்பு சம்பாதித்த எதிர்ப்பு அந்த நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. அப்போது தீவனத்தில் புரதத்தைக் கூட்டிக் கொடுத்தால் முட்டை எண்ணிக்கை குறைகிறது என்று செம்மறிகளில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். மருந்து இல்லாமல். ஹெமாங்கஸ் என்ற இரைப்பைப் புழுவும் டிரிப்பனோசோமும் சேர்ந்து வந்தால் தனித்தனியாக வந்ததைவிட ஆடு மிக மோசமாக இளைத்து, இரத்தமில்லாமல் போவதற்கும் இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன், இரண்டுமே இரத்தத்தின் மேல் கை வைப்பவை.

குறுக்குக்கேள்வி:

தீவனம் பற்றிச் சொன்னது மிகச் சரி. பல சோதனைகளில் விலங்குகளுக்கு வயிறு நிறைய நல்ல தீவனம் கொடுத்துவிட்டு, புழுவால் எதிர்ப்பில் பெரிய பாதிப்பு இல்லை என்று முடிவு எழுதுகிறார்கள். பட்டினியும் ஒட்டுண்ணியும் சேர்ந்த விலங்குக்கு அந்த முடிவு பொருந்தாது.

எந்தத் தொற்று முதலில் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உடம்பில் அடங்கிக் கிடக்கும் ஒன்றைப் பின்னால் வரும் ஒன்று எழுப்பிவிடும். எலியில் காமா ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று உறங்கும் நிலைக்குப் போன பிறகு குடற்புழுவைக் கொடுத்தால், புழுவால் எழும்பிய இன்டர்லூக்கின் 4 அந்த வைரஸை மறுபடி விழிக்கச் செய்கிறது என்று 2014இல் காட்டினார்கள். எதிர்ப்பு அந்த வைரஸை அடக்கி வைத்திருந்தது, வேறொன்றுக்காக எழும்பிய எதிர்ப்பே அதை அவிழ்த்துவிட்டது.

ஆய்வுமேசை:

அதே கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன், தடுப்பூசிக் கேள்விக்கு நேராகப் பொருந்துவது. சுத்தமான ஆய்வக எலிகளுக்கு இரண்டு ஹெர்பிஸ் வைரஸ்கள், இன்ஃப்ளூயன்சா, ஒரு குடற்புழு என்று வரிசையாகத் தொற்று கொடுத்துவிட்டு, அதன் பிறகு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். 2016இல் வந்த ஆய்வு. தொற்றே பார்க்காத எலிகளோடு ஒப்பிட்டால் இவற்றின் இரத்தத்தில் மரபணுக்கள் இயங்கும் விதமே வேறாக இருந்தது, தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் குறைவாக வந்தது. அதே வருடம் இன்னொரு குழு, செல்லப்பிராணிக் கடை எலிகளுக்கும் ஆய்வக எலிகளுக்கும் நினைவு டி செல்களில் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டியது. ஆய்வக எலியின் எதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையுடையது போலவும், கடை எலியுடையது வளர்ந்த மனிதருடையது போலவும் இருந்தது. ஆக நாம் தடுப்பூசிகளையும் எதிர்ப்பு விதிகளையும் பெரும்பாலும் இன்னும் எதையுமே சந்திக்காத உடம்பில் சோதித்துவிட்டு, பலவற்றைச் சந்தித்து முடித்த உடம்புக்குப் போடுகிறோம். நான் எழுதுவதன் மையம் இதுதான், இதை மாற்றாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

மேய்ச்சல்நிலம்:

சரி, கடைசியாக நடைமுறைக் கேள்வி. தடுப்பூசிக்கு முன்னால் மந்தை முழுக்கப் பூச்சி மருந்து கொடுப்பதா, வேண்டாமா?

மாட்டுமருத்துவர்:

மந்தை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டாம் என்பேன். முதலில் சாணத்தில் முட்டை எண்ணிப் பாருங்கள், தட்டைப்புழுவுக்குத் தனிப் பரிசோதனை கேளுங்கள், ஏனென்றால் அதன் முட்டை சாதாரண மிதவை முறையில் தெரியாது, படிய வைத்துப் பார்க்க வேண்டும். இளம் குட்டிகள், இளைத்தவை, இரத்தம் குறைந்து கண் இமையின் உள்பக்கம் வெளுத்தவை, இவற்றுக்கு மருந்து கட்டாயம், உடல் தேறிய பிறகு தடுப்பூசி. நன்றாக இருக்கும் பெரிய விலங்குகளில் கொஞ்சம் புழு இருப்பதால் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், நோய் பரவும் காலம் நெருங்கியிருந்தால் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் மட்டும் மிஞ்சி அடுத்த தலைமுறையை நிரப்பும், அதனால் சிலவற்றை மருந்து இல்லாமல் விடுவது அவசியம். கொஞ்சம் புழுவோடு பழகும் விலங்குக்குத்தான் புழுவுக்கு எதிரான எதிர்ப்பும் வளரும், அதையும் மறக்க வேண்டாம்.

குறுக்குக்கேள்வி:

டாக்டர், ஒரு சேர்க்கை. மருந்து கொடுத்த பிறகு சில வாரம் காக்சிடியாவையும் கவனிக்கச் சொல்லுங்கள், முக்கியமாகக் குட்டிகளில். மர எலி ஆய்வு ஆட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் குட்டி கழிந்தால் "புழு மருந்துதான் கொடுத்தாச்சே" என்று விட்டுவிடுகிறார்கள், ஐவர்மெக்டினும் ஃபென்பெண்டசோலும் காக்சிடியாவைத் தொடாது.

மாட்டுமருத்துவர்:

சரியான சேர்க்கை. கழிச்சல் கண்டால் சாணத்தை மறுபடி அனுப்புங்கள், புழு முட்டையோடு காக்சிடியாவின் ஊசிஸ்ட்டையும் (முட்டை போன்ற கூடு) எண்ணச் சொல்லிக் கேளுங்கள். காசநோய்ப் பரிசோதனை வரப்போகிறது என்றால், தட்டைப்புழு முடிவையும் அந்த மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.